சீவாளி அனுப்பட்டுமா?

தம்பி,

இங்கே எல்லோரும் நலம். ஒன்றாம் தேதி பணம் வந்துவிட்டது. அக்கா வீட்டில் தளம் போட்டாயிற்று. மற்றதை அம்மா போனில் சொல்லியிருப்பாள்.

உன் நாயனத்தில் செருகி ஊத, தை மாதம் திருவாவடுதுறையிலிருந்து வாங்கி அனுப்பிய நாணல் சீவாளி இன்னும் இருக்கிறதா? முன்பெல்லாம் தீர்வதற்குள்ளேயே கேட்டுவிடுவாய். பினாங்கு ஈரமான ஊர். வாசித்து முடித்ததும் துடைத்துக் காற்றாட வை. ஈரத்தோடு பெட்டியில் போட்டு மூடாதே.

நீ போன் பேசும்போது வாயில் சீவாளி ஊறிக்கொண்டிருக்கும், பேச்சு குழறும். "எடுத்துவிட்டுப் பேசுடா" என்று அம்மா அதட்டுவாள். இப்போதெல்லாம் உன் பேச்சு ரொம்பத் தெளிவாக இருக்கிறது.

அங்கிருந்து வந்த தவில்காரர் ஒருவரைக் கும்பகோணத்தில் பார்த்தேன். உன்னைப் பற்றிக் கேட்டேன். நன்றாக இருக்கிறான் என்றவர், சட்டென்று மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

கோயிலில் கூட்டம் இல்லை என்று வாசிப்பைக் குறைக்காதே. காலையில் பூபாள ராகம், பள்ளியறைக்கு நீலாம்பரி என்று பெரியவர்கள் வகுத்தது, கேட்க ஆள் இருக்கிறதா என்று பார்த்து அல்ல. கல்யாணத்தில் சினிமாப் பாட்டு கேட்டால் வாசி. அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் அதையும் சுருதி சுத்தமாக வாசி. வேலை இருக்கிறதோ இல்லையோ, விடியற்காலையில் விளம்ப காலத்தில் சாதகம் பண்ணு. சாதகத்தை மட்டும் விடாதே.

நாயனச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை என்றால் அவர் வாசித்த தோடி ராகத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பழைய குட்டையான திமிரி நாயனத்தில் சுத்த மத்திமம் என்கிற ஸ்வரம் சரியாகப் பேசாது. உதட்டாலும் மூச்சாலும் சரிக்கட்டி வாசித்து, அதுதான் நாயனத்தின் குணம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த காலம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நாயனம் கடைகிற நரசிங்கன்பேட்டை ரங்கநாத ஆசாரியும் அலுக்காமல் செய்து செய்து பார்த்தார். அந்த ஒரு ஸ்வரம் நேராக நிற்கிற, நீளமான பாரி நாயனம் வந்தது. இன்று நீயும் நானும் கையில் எடுப்பது அந்த இரண்டு பேரின் பிடிவாதத்தைத்தான். 2022-ல் நரசிங்கன்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கொடுத்தபோது நம் வீட்டிலேயே விசேஷம் போல இருந்தது எனக்கு.

உன் நாயனமும் அந்தத் தெருவில் கடைந்ததுதான். பழைய வீடு ஒன்றை இடித்தபோது கிடைத்த ஆச்சா மரம், எத்தனையோ வருஷம் உத்திரமாகக் கிடந்து காய்ந்தது. அப்படி மரம் இனிமேல் அமைவது கஷ்டம். பத்திரமாக உன்னிடம்தானே இருக்கிறது?

மீசை முளைக்காத வயதில் திருவையாறு சப்தஸ்தானத் திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு நீ மல்லாரி எடுத்தாய். கண்ணாடிப் பல்லக்கு நகர்கிறது, கம்பீர நாட்டை ராகம் மேலே ஏறுகிறது, பக்கத்தில் நின்ற பெரிய வித்வான் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவ்வளவு மூச்சு உனக்கு. அந்த மூச்சை வைத்துக்கொண்டு அப்பாவுக்கு நாலு வார்த்தை சொல்ல முடியவில்லையா? அக்காவுக்கு மட்டும் போன் வருகிறது. அவளும் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுகிறாள்.

எதுவானாலும் சொல். கோபப்பட மாட்டேன். சம்பள விஷயமானால் மாற்று வழி பார்க்கலாம். ஆவணிக்கு இங்கே நிறைய முகூர்த்தம் இருக்கிறது, இரண்டாம் நாயனத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சீவாளிக்குச் சொல்லி வைக்கிறேன். நாளைக்குக் காலையில் வாசித்து போனில் பதிவுசெய்து அனுப்பு. தோடி வேண்டாம், ஆலாபனையும் வேண்டாம், சரளி வரிசை போதும்.

அப்பா