தோட்டா பிரைமரைப் பதுக்காதீங்க, கிடைக்கலன்னா கைக்கு வந்ததைப் போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவுல தோட்டா விலை ஏறினதைப் பத்தி உங்க பேப்பர்ல வந்த செய்தியைப் படிச்சேன். நல்லாதான் எழுதியிருந்தீங்க, ஆனா கடையில ரெடிமேடா டப்பா வாங்குறவங்க கஷ்டம் மட்டும்தான் அதுல இருந்துச்சு. வீட்டு கராஜ்ல தோட்டா அழுத்திச் சேர்க்கிற கைமெஷின் (பிரஸ்) ஒண்ணை மாட்டி வச்சுக்கிட்டு, சுடுற பயிற்சி இடத்துல (ரேஞ்சு) சுட்ட தோட்டாவோட காலிப் பித்தளைக் கேஸையே பொறுக்கிட்டு வந்து திரும்ப லோடு பண்ற எங்களை மாதிரி ஆளுங்க படற பாடு வேற, அதைப் பத்தி தமிழ்ல யாரும் எழுதுற மாதிரி தெரியல, அதான் நானே எழுதறேன். இங்க டெக்சாஸ்ல சொந்த உபயோகத்துக்கு பிஸ்டல் தோட்டா ரீலோடு பண்றதுக்கு தனி லைசென்ஸ் எதுவும் வேணாம், விக்கணும்னாதான் ஃபெடரல் லைசென்ஸ் வேணும். எங்க ரேஞ்சுல போட்டிக்கு வர்றவங்கள்ல நிறைய பேர் இப்படி ரீலோடு பண்றவங்கதான், அதுல நம்ம தமிழ் ஆளுங்களும் இருக்காங்க.

ஒரு தோட்டாவுக்கு நாலே பொருள்தான், கேஸ்ங்கிற பித்தளைக் கூடு, முன்னாடி பறந்து போற புல்லட், உள்ள எரியற பவுடர், கூட்டோட அடியில இருந்து அந்தப் பவுடரைப் பத்த வைக்கிற பிரைமர். கேஸைத் திரும்பத் திரும்ப யூஸ் பண்ணலாம், புல்லட்டை ஈயம் உருக்கி ஊத்திக்கிறவங்க இருக்காங்க, ஆனா பிரைமரை வீட்டுல செய்ய முடியாது, செய்யவும் கூடாது, அது அடிபட்டாலே வெடிக்கிற சமாச்சாரம். அதனால கடைசியில எல்லாமே அந்த சின்ன பிரைமர்லதான் வந்து நிக்குது. 2020க்கு முன்னாடி ஆயிரம் பிரைமர் 30, 35 டாலருக்குக் கிடைச்சுது, கொரோனா வந்தப்புறம் அதே ஆயிரம் 100 டாலரைத் தாண்டி கைமாறுச்சு, அதுவும் கிடைச்சா உண்டு.

இது ஏன் இப்படி ஆகுதுன்னு புரிஞ்சுக்கணும். அமெரிக்காவுல பேர் சொல்ற பிரைமர் பிராண்டு நாலுதான், ஐடஹோ லூயிஸ்டன்ல சிசிஐ, மினசோட்டா அனோகால ஃபெடரல், அப்புறம் வின்செஸ்டர், ஆர்கன்சா லோனோக்ல ரெமிங்டன். 2020 ஜூலைல ரெமிங்டன் திவால் மனு போட்டுச்சு, அந்த வருஷமே அதோட தோட்டா பிசினஸை விஸ்டா அவுட்டோர்ங்கிற கம்பெனி வாங்கிருச்சு, சிசிஐயும் ஃபெடரலும் ஏற்கனவே அவங்க கையிலதான் இருந்துச்சு, 2024 நவம்பர்ல இந்த மூணும் சேர்ந்து செக் நாட்டு சிஎஸ்ஜி கம்பெனிக்குப் போயிருச்சு. ஆக நாலு பிராண்டுக்கு முதலாளி ரெண்டே பேர். அந்த கம்பெனிங்களே ரெடிமேட் தோட்டாவும் போடுறாங்க, ஆர்டர் குவியும்போது பிரைமர் முதல்ல அவங்க தோட்டாவுக்குத்தான் போகும், மிச்சம் இருந்தாதான் எங்களுக்கு. 2020ல துப்பாக்கி வாங்க, பெர்மிட் எடுக்கன்னு எல்லாத்துக்கும் சேர்த்து நடந்த பேக்ரவுண்ட் செக் கிட்டத்தட்ட 4 கோடி, அப்புறம் மிச்சம் எங்க இருந்து வரும். 2021ல ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புது பெர்மிட் கிடையாதுன்னு அரசாங்கம் சொல்லிருச்சு, உக்ரைன் போர் ஆரம்பிச்சப்புறம் பவுடருக்கு மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸை பீரங்கிக்குத் தேவைன்னு அங்க இழுக்குது, அதனால பவுடரும் சில நேரம் கண்ணுல படறதில்ல.

இதெல்லாம் நம்ம கையில இல்ல சரி, ஆனா நம்ம கையில இருக்கிற தப்பைப் பத்திதான் நான் சொல்ல வந்தது. கொஞ்சம் சரக்கு வந்ததும் வண்டியை எடுத்துட்டு ஓடி ஷெல்ஃபைக் காலி பண்ணிட்டு வர்றாங்க, பத்து வருஷத்துக்கு ஆகுற பிரைமர் ஒருத்தர் அலமாரியில தூங்குது, புதுசா கத்துக்க வர்ற பொண்ணு ஒரு நூறு பிரைமர் இல்லாம மேட்சுக்கு வர முடியாம நிக்குது. இது நியாயமே இல்லங்க. 2012 டிசம்பர்ல சாண்டி ஹுக் ஸ்கூல்ல அந்தக் கொடுமை நடந்தப்புறம் சட்டம் மாறிடுமோன்னு பயந்து 2013 முழுக்க இதே மாதிரி வாங்கிக் குவிச்சாங்க, அதுல இருந்து யாரும் எதுவும் கத்துக்கல. சட்டப்படியும் அளவு இருக்கு. நிறைய ஊர்ல பின்பற்றுற என்எஃப்பிஏ 495ங்கிற தீ பாதுகாப்பு விதியில வீட்டுல வைக்கிற பிரைமர் 10,000த்துக்கு மேல போகக்கூடாது, பவுடர் 20 பவுண்டு வரைக்கும் ஒரிஜினல் டப்பாவுலயே இருக்கணும். அதுக்கு மேல இருந்து வீடு தீப்பிடிச்சா உள்ள வர்ற தீயணைப்பு ஆளுங்க கதி என்ன, யோசிங்க. உங்க ஊர் விதி இன்னும் கறாரா இருக்கலாம், ஃபயர் ஆபீஸ்ல கேட்டுக்கோங்க.

பதுக்காம எப்படி சமாளிக்கிறதுன்னு கேட்பீங்க. பிரைமரும் பவுடரும் தபால்ல அனுப்ப முடியாது, கூரியர்ல வந்தா ஆபத்தான சரக்குன்னு ஹஸ்மத் ஃபீஸ் ஒண்ணு போடுவாங்க, அது ஒரு பார்சலுக்கு இவ்வளவுன்னு, நீங்க ஒரு டப்பா வாங்கினாலும் பத்து டப்பா வாங்கினாலும் ஒண்ணுதான். எங்க குரூப்ல நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரே ஆர்டராப் போட்டு அன்னிக்கே பிரிச்சுக்கிறோம், யார் வீட்டுலயும் மூட்டை சேரறதில்ல. ஊர்ல இருக்கிற சின்ன கடைக்காரர்கிட்ட மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா வாங்குங்க, அவர் நம்மளை ஞாபகம் வச்சு எடுத்து வைப்பார், ஃபீஸும் மிச்சம். போஸ்னியா ஜினெக்ஸ், இத்தாலி ஃபியோச்சின்னு வெளிநாட்டு பிரைமரும் வருது, கொஞ்சமா வாங்கி உங்க துப்பாக்கியில ஒழுங்கா பத்திக்குதான்னு பார்த்துட்டு அப்புறம் வாங்குங்க.

இன்னொண்ணு, பிரஸ்ஸோட குட்டி பார்ட்ஸ். பழைய பிரைமரைக் குத்தி வெளிய தள்ளுற டீகேப்பிங் பின் சில டாலர்தான், அது ஒடஞ்சா மொத்த வேலையும் நின்னுரும். பொறுக்கின கேஸ்ல பெர்டன் டைப் ஒண்ணு கலந்திருந்தா போதும், அதுல ஓட்டை நடுவுல இருக்காது, ஓரமா ரெண்டு இருக்கும், பின் நேரா உலோகத்துல போய் முட்டி முறிஞ்சிரும். பின், கேஸைப் பிடிச்சுக்கிற ஷெல் ஹோல்டர், பிரைமர் டியூப் நுனியில இருக்கிற பிளாஸ்டிக், குட்டி ஸ்பிரிங், இதுல ரெண்டு ரெண்டு எக்ஸ்ட்ரா எடுத்து வைக்கிறது பதுக்கல் இல்ல, இது அவசியம். டில்லன் மாதிரி சில கம்பெனியில போன் பண்ணினா பழைய மெஷினுக்கும் பார்ட் அனுப்புறாங்க, முதல்ல அங்க கேளுங்க, ஹார்டுவேர் கடையில கிடைச்ச ஆணியை மாட்டி ஓட்டாதீங்க. .45 ஏசிபி சைஸ் கேஸ்ல சில கம்பெனி ஸ்மால் பிரைமர் பாக்கெட் (பிரைமர் உக்கார்ற குழி) போடுறாங்க, மத்தது லார்ஜ், பிரிக்காம பிரஸ்ல விட்டா சின்ன பாக்கெட்ல பெரிய பிரைமர் நசுங்கும், சமயத்துல வெடிக்கவும் செய்யும். உக்காந்து ஒவ்வொண்ணாப் பார்த்துப் பிரிக்கிறது போரடிக்கும்தான், ஆனாலும் பிரிச்சே ஆகணும்.

ரொம்பப் பயமா இருக்கிறது இதுதான். பவுடர் கிடைக்கலன்னா "பார்க்க அதே மாதிரி இருக்கு"ன்னு வேற டப்பாவுல இருந்து எடுத்துப் போடுறது. பேர் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும், எரியற வேகம் முழுக்க வேற, துப்பாக்கி கையிலயே வெடிச்சு விரல் போகும். லேபிள் இல்லாத டப்பாவுல இருக்கிற பவுடரை ஓசியில குடுத்தாலும் வாங்காதீங்க, பவுடர் கம்பெனியே வெளியிட்ட மேனுவல்ல இல்லாத காம்பினேஷனை யார் சொன்னாலும் போடாதீங்க. பக்கத்து லேன்ல நிக்கிறவர் அன்பா குடுத்தாலும் அடுத்தவங்க லோடு பண்ணின தோட்டாவை உங்க துப்பாக்கியில போடாதீங்க. வீட்டுல குழந்தைங்க இருந்தா, கேஸை உருட்டிச் சுத்தம் பண்ற டம்ப்ளர் மெஷினோட தூசு வீட்டுக்குள்ள வரவே கூடாது, பழைய பிரைமர்ல இருந்து வர்ற ஈயம் அதுல இருக்கு, டம்ப்ளரை வெளிய வச்சு ஓட்டுங்க, கை கழுவிட்டு அந்த சட்டையோட பிள்ளையைத் தூக்காதீங்க, மாத்திட்டுத் தூக்குங்க.

காசு மிச்சம்னு மட்டும் நினைச்சு இதுல இறங்குறவங்களுக்கும் உண்மையைச் சொல்லிடறேன், 9 எம்எம் சைஸ் தோட்டாவுல இப்போ பெருசா மிச்சமில்ல, .38 ஸ்பெஷல், .44, .45 சுடறவங்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

தமிழ்நாட்டுல இருந்து இதைப் படிக்கிறவங்க தயவு செஞ்சு வீட்டுல முயற்சி பண்ணாதீங்க, 1959 ஆயுதச் சட்டப்படி அங்க லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறது குற்றம், ஜெயில் உண்டு. இங்க சுடப் போற நம்ம ஆளுங்க லீவுக்கு ஊருக்குப் போறப்போ ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போன பையைக் கொண்டு போகவே போகாதீங்க, வேற புதுப் பை எடுங்க, ஓரத்துல ஒரு தோட்டா மறந்து கிடந்தாலும் ஏர்போர்ட் ஸ்கேன்ல மாட்டி ஆயுதச் சட்டத்துல வழக்கு ஆகி லீவு முழுக்க கோர்ட்டுக்கு அலையணும். கூட வர்ற அப்பா அம்மா பையையும் திறந்து ஒரு தடவை பார்த்துருங்க, கராஜ்ல எந்தப் பையில எது விழுந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டல்லாஸ், டெக்சாஸ்