சித்தப்பாவுக்கு, சிடார் மரத்தைப் பற்றி

வான்கூவர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். சுவரும் கூரையும் மரமாக இருந்தால் இந்த மழைக்கு உளுத்துப் போகாதா என்று கேட்டிருந்தீர்கள். இங்கே அதற்குப் போடுவது ரெட் சிடார். வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். 1988-இல், கனடாவில் நாங்கள் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மாகாண மரமாக அறிவித்தார்கள்.

தேக்கில் கை பழகிய உங்களுக்கு முதலில் இளப்பமாகத்தான் தோன்றும். எடை அதில் பாதிக்குச் சற்றே மேல். நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும். சாப்பாட்டு மேசைக்கு நான் சொல்லமாட்டேன். ஆனால் சேகில், அதாவது நடுமரத்தில், ஊறிய சத்து பூஞ்சையை அண்டவிடாது, அதனால்தான் கூரை ஓட்டுக்கும் வேலிக்கும் இது. வெளிறிய ஓரப் பகுதிக்கு அந்தக் குணம் கிடையாது. அப்படிப்பட்ட பலகையை மண்ணருகே போட்டால் சீக்கிரம் மக்கிவிடும்.

ஆணிதான் முக்கியம். வெறும் இரும்பாணி அடித்தால் மரத்தின் சாறு அதை அரிக்கும், ஆணிக்குக் கீழே கறுப்புக் கறை வழியும். துருப்பிடிக்காத எஃகு ஆணியே நல்லது. பலகை முனையில் துளை போட்டுவிட்டு அடிக்க வேண்டும், இல்லையேல் பிளக்கும். அறுக்கும்போது முகமூடி அவசியம்; இதன் தூளால் ஆஸ்துமா வரும், மரப்பட்டறை ஆட்களுக்கு வருகிற தொழில்நோய் அது.

ஹைடா போன்ற முதற்குடி மக்கள் இதைக் குடைந்து படகு செய்தவர்கள். சாறு ஓடும் வசந்தத்தில் பட்டையை ஒரே ஒரு கீற்றாக உரித்து, உள்பட்டையில் கயிறும் பாயும் தொப்பியும் பின்னுவார்கள். சுற்றிலும் உரிக்காததால் மரம் சாகாது.

அழகுக்கென்றால் உயிர்வேலி. முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் இங்கே மழை குறைவு. நட்ட முதல் இரண்டு மூன்று கோடைகளில் வேர் வரை நனைய ஊற்றாவிட்டால் காய்ந்துவிடும். கத்தரிக்கும்போது பச்சை இருக்கும் வரைதான் வெட்டலாம். இலையில்லாத பழைய கட்டை வரை போய்விட்டால் அங்கே திரும்பத் துளிர்ப்பது சந்தேகம், ஓட்டை ஓட்டையாக நின்றுவிடலாம். அடி அகலமாகவும் மேல் ஒடுங்கியும் இருந்தால்தான் கீழ்க்கிளைக்கு வெயில் எட்டும். இலையுதிர் காலத்தில் உட்புற இலை பழுப்பது இயல்பு. நோயென்று பயந்து மருந்தடிப்பது வீண் செலவு.

கிறிஸ்துமஸுக்கு இதன் கிளைகளைக் கட்டி வாசலில் வளையமாக மாட்டுவார்கள். வெளிக்குளிரில் வாரக்கணக்கில் பசுமை மாறாது. ஹீட்டர் ஓடும் அறைக்குள் மாட்டினால் சீக்கிரம் மொறமொறத்து உதிரும்.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்