ஏப்ரல் 14 குறித்து மாட்டுங்கா நண்பருக்கு

தூத்துக்குடி,
சித்திரை 5.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கு வீட்டில் அனைவரும் நலம். நீங்களும் மதினியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்பாகவே கைக்கு வந்துவிட்டது. பதில் எழுத இவ்வளவு நாளானதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பணி ஓய்வுக்குப் பிறகும் சித்திரை முதல் வாரம் எனக்கு ஓய்வான வாரமாக இருப்பதில்லை. நான் வேலை பார்த்த தீயணைப்பு நிலையத்துப் பிள்ளைகள் செயல்விளக்கம் என்று கூப்பிடுவார்கள்; நானும் மறுக்காமல் போய்விடுவேன்.

ஏப்ரல் 14 என்ன நாள் என்று உங்கள் பேத்தியிடம் பள்ளியில் எழுதி வரச் சொன்னதாகவும், நாள்காட்டியில் ஒரே கட்டத்துக்குள் நான்கைந்து பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அவள் எதை எடுப்பது என்று தவிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பள்ளிக்கு அவள் ஏதோ ஒன்றை எழுதிக் கொடுத்திருப்பாள். ஆனாலும் அந்தக் கேள்விக்கு நான் விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஒரு நாளை நான் சீருடையோடுதான் கழித்திருக்கிறேன்.

ஊரெல்லாம் வாசலில் கோலமிட்டுப் புத்தாடை உடுத்தும் அந்தக் காலையில், எங்கள் துறையில் நீத்தார் நினைவு நாள். நினைவுத் தூணுக்கு மலர் வளையம் வைத்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, மௌனமாக நிற்போம். அன்று தொடங்குவதுதான் தீத்தொண்டு வாரம். அந்த அஞ்சலி, நீங்கள் குடியிருக்கும் அதே மும்பையில் மாண்டவர்களுக்காகத் தொடங்கியது என்பது உங்களுக்குத் தெரியுமா? 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று விக்டோரியா கப்பல்துறையில் நின்றிருந்த ஃபோர்ட் ஸ்டிகின் என்ற சரக்குக் கப்பலில் தீப்பிடித்தது. இங்கிலாந்திலிருந்து கராச்சி வழியாக வந்த அந்தக் கப்பலில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள்கள் இருந்தன. தங்கக் கட்டிகளும் இருந்தன. கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளும் இருந்தன. போர்க்காலம் என்பதால் ஒரு கப்பலில் ஏற்றக்கூடாதவற்றை எல்லாம் ஒன்றாக ஏற்றியிருந்தார்கள்.

பஞ்சுப் பொதி என்றால் என்னவென்று கோவில்பட்டி வட்டாரத்தில் வேலை பார்த்தவனுக்கு விளக்க வேண்டியதில்லை. அழுத்திக் கட்டிய பொதிக்குள் தீ புகுந்துவிட்டால் அது சுடர்விட்டு எரியாது. உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டு கிடக்கும். மேலே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் நடுவுக்குப் போய்ச் சேராது. பொதியை வெளியே இழுத்துப் போட்டு, பட்டையை அறுத்து, பிரித்துப் பிரித்து நனைத்தால்தான் அடங்கும். ஒரு கிட்டங்கிக்கே மூன்று நாள் பிடிக்கும். அந்தப் பொதிகள் ஒரு கப்பலின் அடித்தளத்தில், வெடிபொருளுக்குக் கீழே, கனலத் தொடங்கினால் எந்தப் படையால் என்ன செய்ய முடியும்? பிற்பகல் இரண்டு மணியளவில் புகை தெரிந்தது. இரண்டு மணி நேரம் தீயணைப்பு வீரர்கள் கப்பலின் மேல்தளத்தில் நின்று ஹோஸைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காலடியில் இரும்புத் தகடு கொதித்தது. உள்ளே பாய்ச்சிய தண்ணீர் ஆவியாகித் திரும்ப வந்தது. மாலை 4.06 மணிக்குக் கப்பல் வெடித்தது. அரை மணி நேரத்துக்குள் இன்னொரு வெடிப்பு. ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் சிம்லாவில் இருந்த நிலநடுக்கப் பதிவுக் கருவி வரை அது பதிவானது.

இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் ஒத்துப்போவதில்லை; எண்ணூறு முதல் ஆயிரத்து முந்நூறு வரை சொல்கிறார்கள். துறைமுகத்தில் அன்றாடக் கூலிக்கு மூட்டை தூக்கியவர்களை யார் பெயரெழுதி வைத்திருந்தார்கள், சரியாக எண்ணுவதற்கு? தீயணைப்புப் படையில் மாண்டவர்கள் அறுபத்தாறு பேர் என்று எங்கள் துறையில் சொல்வார்கள். போர்க்காலத் தணிக்கையால் அந்தச் செய்தியை இந்தியப் பத்திரிகைகள் மே மாதத்தில்தான் வெளியிட முடிந்தது. தங்கள் ஊரில் கேட்ட சத்தத்தைப் பற்றித் தங்கள் ஊர்ப் பத்திரிகையில் படிக்க முடியாமல் அந்தக் குடும்பங்கள் அத்தனை நாள் எப்படி இருந்தனவோ என்று ஒவ்வோராண்டும் அந்த மௌன நிமிடத்தில் எனக்குத் தோன்றும்.

கப்பல் வெடித்த அன்று அண்ணல் அம்பேத்கருக்கு ஐம்பத்து மூன்றாம் பிறந்தநாள். 1891இல் மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தவர், 1944இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்றிருந்தார். துறைமுகத்தில் கரியாகிப்போன கூலிகள் அவர் யாருக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரோ அந்த மக்கள்தாம். நாள்காட்டிக் கட்டத்தில் அக்கம்பக்கமாக அச்சாகும் இந்த இரு பெயர்களையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

பணியில் சேர்ந்து இரண்டாம் கோடையில் ஒரு கிராமத்துக் காலனியில் குடிசைத் தீ. வண்டியில் கொண்டுபோன தண்ணீர் பத்தே நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. அருகில் இருந்தது ஊர்க்குளம் ஒன்றுதான். பம்பின் உறிஞ்சு குழாயை இறக்கப் போனபோது ஒரு பெரியவர் குறுக்கே வந்து, அந்தத் தண்ணீர் அந்தப் பக்கத்துக்குப் போகக்கூடாது என்று நின்றார். எங்கள் நிலைய அலுவலர் அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இரண்டு கைகளாலும் அவரை அலாக்காகத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் குழாயை இறக்கச் சொன்னார். ஆனால் அந்த அரை நிமிடத் தாமதத்தில் இன்னும் இரண்டு கூரைகள் பற்றிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். 1927ஆம் ஆண்டு மார்ச் 20 அன்று மகாடு நகரத்தில், தாழ்த்தப்பட்டோருக்கு மறுக்கப்பட்டிருந்த சவுதார் குளத்து நீரை அம்பேத்கர் கையில் அள்ளிக் குடித்தது எதற்காக என்பதைப் பின்னால் படித்தேன். படிக்கும் முன்பே அந்தக் குளக்கரையில் எனக்கு அது புரிந்துவிட்டது. 2022இல் தமிழ்நாடு அரசு அவருடைய பிறந்தநாளைச் சமத்துவ நாளாக அறிவித்து, அரசு ஊழியர்கள் அனைவரும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்த உறிஞ்சு குழாய்தான்.

இனி வருடப்பிறப்பு. தமிழ்நாட்டில் அது எந்த நாள் என்பதில் 2008இலும் 2011இலும் இரண்டு சட்டங்கள் வந்து போனதை நீங்கள் அறிவீர்கள். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. உங்கள் பேத்திக்குச் சுவையாக இருக்கக்கூடிய ஒரு செய்தியை மட்டும் சொல்கிறேன். சூரியன் மேட ராசிக்குள் நுழைவதைக் கொண்டு குறிக்கும் இந்த நாள் ஆங்கில நாள்காட்டியில் ஓரிடத்தில் நிலையாக நிற்பதில்லை. சுமார் எழுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் அடுத்த தேதிக்குத் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. அம்பேத்கர் பிறந்த ஆண்டில் சித்திரை ஓரிரு நாள் முன்பே பிறந்துவிட்டது. கப்பல் வெடித்த ஆண்டில் ஏப்ரல் 13 அன்று தாரண வருடம் பிறந்தது. அதாவது, பண்டிகைக்கு மறுநாள்தான் அந்த அறுபத்தாறு பேரும் பணிக்குப் போனார்கள். இன்று மூன்றும் ஒரே கட்டத்தில் கூடியிருப்பது நம் தலைமுறைக்கு வாய்த்தது. பின்னால் ஒரு காலத்தில் புத்தாண்டு மட்டும் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிடும். வங்கதேசத்தார் இந்த நகர்வு வேண்டாமென்று தங்கள் புத்தாண்டான பைசாகின் முதல் நாளை ஏப்ரல் 14 என்றே நிலைநிறுத்திக்கொண்டார்கள். மேற்கு வங்கத்தில் பழைய கணக்குப்படி அநேகமாக 15ஆம் தேதி வருகிறது. ஒரே மொழி, ஒரே பண்டிகை, நடுவில் ஒரு நாள்.

உலக நாள்களில் ஒன்றை அவள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1909ஆம் ஆண்டு இதே நாளில், பிரேசிலின் லசான்ஸ் என்ற சிற்றூரில், கார்லோஸ் சாகஸ் என்ற மருத்துவர் பெரெனீசி என்ற இரண்டு வயதுக் குழந்தையின் இரத்தத்தில் ஒரு புதிய ஒட்டுண்ணியைக் கண்டார். மண்சுவர் வெடிப்புகளில் பதுங்கியிருந்து, இரவில் தூங்குபவர்களின் முகத்தில் கடிக்கும் ஒருவகைப் பூச்சியால் பரவும் நோய் அது. பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருந்து இதயத்தைக் கெடுக்கும். நல்ல சுவர் கட்டிக்கொள்ள முடியாதவர்களின் நோய் என்பதாலேயே உலகம் அதை நெடுங்காலம் கவனிக்காமல் விட்டது. சாகஸ் நோய் நாள் என்று உலக சுகாதார நிறுவனம் முதன்முதலாக அனுசரித்தது 2020இல்தான். நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. கூரை வீட்டுத் தீயை அணைத்துப் பழகிய எனக்கு அந்த மண்சுவர் அயலூர்ச் செய்தியாகத் தோன்றவில்லை.

குவாண்டம் நாள் என்று ஒன்றும் 2022 முதல் இதே தேதியில் வருகிறது. குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியை ஓர் அலகில் எழுதி முழுமையாக்கினால் முதல் மூன்று இலக்கங்கள் 4.14 என்பதால், மாதத்தை முன்னால் எழுதும் வழக்கப்படி அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தார்களாம். இயற்பியல் படிப்பவர்கள் கொண்டாடட்டும். ஆனால் எண் பொருத்தத்துக்காகத் தேர்ந்த நாளையும், மனிதர்கள் செத்ததாலோ பிறந்ததாலோ தானாக அமைந்த நாளையும் என்னால் ஒரே வரிசையில் வைக்க முடியவில்லை. பேத்தி ஒன்றைத்தான் எழுத வேண்டுமென்றால், அவள் இருக்கும் ஊரில் நடந்ததை எழுதச் சொல்லியிருப்பேன்.

இந்த ஆண்டு அஞ்சலிக்குப் போனபோது புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பத்துப் பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவனிடம், யாருக்காக நிற்கிறோம் தெரியுமா என்று கேட்டேன். மும்பைக் கப்பல் என்றான்; பஞ்சுப் பொதி என்றதும் மற்றவர்களும் நெருங்கி வந்துவிட்டார்கள். வீட்டிலிருந்து வழக்கம்போல வேப்பம்பூப் பச்சடியைத் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பியிருந்தாள் என் மனைவி. நான் பணியில் இருந்த ஆண்டுகளிலெல்லாம் வருடப்பிறப்புக்கு வீட்டில் இல்லாத குறையை அவள் இப்படித்தான் தீர்த்துக்கொண்டாள். இப்போது அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் செய்கிறாள்.

பைகுல்லாவில் மும்பைத் தீயணைப்புப் படையின் தலைமையகத்தில் அந்த வீரர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து அது தொலைவில்லை. அடுத்த ஏப்ரலில் நாங்கள் இருவரும் அங்கு வருவதாக இருக்கிறோம். 14ஆம் தேதி காலையில் பேத்தியையும் அழைத்துக்கொண்டு பைகுல்லாவுக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் தாதரில் அம்பேத்கரின் நினைவிடமான சைத்திய பூமிக்கும் போகலாம். வேப்பம்பூ இங்கிருந்தே காயவைத்துக் கொண்டுவருகிறோம். மாங்காய் மட்டும் நீங்கள் வாங்கி வையுங்கள். உங்களுக்குத் தோதுப்படுமா என்று எழுதினால் டிக்கெட் எடுத்துவிடுவேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய பள்ளித் தோழன்