நூலகப் பாடவேளை தொடரும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

சென்ற பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் சேர்ந்து ஒரு கோரிக்கை வைத்தீர்கள். நூலகப் பாடவேளையையும் இலக்கிய மன்றக் கூட்டத்தையும் இந்த ஆண்டு நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் கணக்குக்கும் அறிவியலுக்கும் மாதிரித் தேர்வு நடத்த வேண்டும் என்று கேட்டீர்கள். பிள்ளைகளின் எதிர்காலத்தை நினைத்துத்தான் கேட்டீர்கள். அதனால்தான் மேடையிலிருந்து இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டும் தொடரும். ஏன் என்பதைப் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். அண்மையில் ஒன்பதாம் வகுப்புத் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வந்தது: ‘ஒரு மாணவி ஒரு புத்தகத்தின் மூன்றில் ஒரு பங்கை முதல் நாள் படித்தாள். மீதியில் பாதியை மறுநாள் படித்தாள். இன்னும் 80 பக்கங்கள் இருக்கின்றன. புத்தகத்தில் மொத்தம் எத்தனை பக்கங்கள்?’ சரியான விடை 240. கணிசமான பிள்ளைகள் 480 என்று எழுதியிருந்தார்கள். அந்த விடைத்தாள்களைக் கணித ஆசிரியரும் நானும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். பின்னங்களைக் கூட்டியதில் தவறில்லை, கழித்ததில் தவறில்லை, பெருக்கலும் சரி. ‘மீதியில் பாதி’ என்பதை ‘மொத்தத்தில் பாதி’ என்று படித்திருக்கிறார்கள். அங்கேதான் பிழை. கணக்குத் தெரிந்த பிள்ளை வாக்கியத்தில் வழுக்கி விழுந்திருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு இன்னும் பத்து மாதிரித் தேர்வு வைத்தால் பத்திலும் இதே இடத்தில் விழும். ஒரு வாக்கியத்தின் முன்னால் நின்று, அது என்ன சொல்கிறது என்று கவனித்துப் படிக்கும் பழக்கம் வேறு இடத்தில்தான் உருவாகிறது.

வாசித்துப் புரிந்துகொள்வது எழுத்துக்கூட்டும் திறமை மட்டும் அன்று. இதை மிக அழகாகக் காட்டிய ஓர் ஆய்வு 1988-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலர் நன்றாக வாசிப்பவர்கள், சிலர் வாசிப்பில் பின்தங்கியவர்கள். இரு பிரிவிலும் பேஸ்பால் விளையாட்டைப் பற்றி நன்கு தெரிந்தவர்களும் இருந்தார்கள், அதிகம் தெரியாதவர்களும் இருந்தார்கள். ஓர் ஆட்டத்தின் ஒரு பகுதியை விவரிக்கும் பத்தியை எல்லோருக்கும் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு சிறிய ஆடுகள மாதிரி ஒன்றை முன்னால் வைத்து, பொம்மைகளை நகர்த்தி, படித்ததை நடத்திக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் விளையாட்டை அறிந்திருந்த மாணவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் விளையாட்டை அறியாதவர்களைவிட மேலாகச் செய்தார்கள். பத்தி என்னவோ எல்லோருக்கும் ஒன்றுதான். படிக்கிற பிள்ளை தன் மனத்தில் ஏற்கெனவே என்ன வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்தப் பத்தி திறந்துகொடுத்தது.

அந்த ‘ஏற்கெனவே இருப்பது’ எங்கிருந்து வருகிறது? வீட்டில் கேட்ட கதைகள், பெரியவர்கள் பேசிக்கொண்டது, பார்த்த கூத்து, பாடிய பாட்டு, படித்த புத்தகம், இவை எல்லாவற்றிலிருந்தும் வருகிறது. பண்பாடு என்றவுடன் ஆண்டுவிழா மேடையும் அலங்கார உடையும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆண்டுவிழா நல்ல விஷயம்தான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த மேடை இறங்கிய பிறகும் பிள்ளையிடம் தங்குவதைத்தான் நான் பண்பாடு என்று சொல்கிறேன். இன்னொருவர் பேசும்போது அவர் எதைக் குறிப்பிடுகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று உடனே பிடிபடுவதற்கு உதவும் பொதுவான சேமிப்பு அது. அந்தச் சேமிப்பு இல்லாத பிள்ளைக்குப் பாடப்புத்தகமே பாதி இருட்டாக இருக்கும்.

புத்தகத்துக்கென்று இந்தச் சேமிப்பில் தனி இடம் உண்டு. அதே 1988-இல் ஆங்கிலச் சொற்களைப் பற்றி ஹேஸ், அரென்ஸ் என்ற இருவர் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். பட்டதாரிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சில் அரிய சொற்கள் ஆயிரத்துக்குச் சுமார் 17 வந்தன. சிறுவர் புத்தகங்களிலோ ஆயிரத்துக்குச் சுமார் 31 வந்தன. நன்கு படித்த பெரியவர்களின் அரட்டையைவிடக் குழந்தைகளுக்கான கதைப் புத்தகம் சொல்வளம் மிகுந்ததாக இருக்கிறது. ‘கதைப் புத்தகம் படித்து நேரத்தை வீணாக்குகிறான்’ என்று கூட்டத்தில் ஒரு தந்தை வருத்தப்பட்டார். அவருக்கு நான் தர விரும்பும் பதில் இதுதான். அவன் நேரத்தை வீணாக்கவில்லை. ஒன்றிரண்டு ஆண்டு கழித்து அறிவியல் பாடத்தில் பயன்படப்போகும் சொற்களை இப்போதே சேர்த்துக்கொண்டிருக்கிறான்.

இதுவரை சொன்னதெல்லாம் மதிப்பெண்ணை மனத்தில் வைத்துச் சொன்னது. ஆனால் நூலகப் பாடவேளையை நான் காப்பாற்ற நினைப்பதற்கு மதிப்பெண் முதல் காரணம் அன்று.

1848-இல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் புனே நகரில் பெண்களுக்காகப் பள்ளி தொடங்கியதை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். அவர்கள் நடத்திய பள்ளியில் படித்தவர்களில் முக்தா சால்வே என்ற சிறுமியும் ஒருவர். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட மாங் சமூகத்தைச் சேர்ந்தவர். 1855-இல், ஏறத்தாழ 14 வயதில், மாங், மகர் சமூகங்களின் மக்கள் படும் துன்பத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மராத்தி இதழான ‘ஞானோதயா’ அதை அச்சிட்டது. பள்ளியில் அவர் படித்தது சில ஆண்டுகள்தான். அந்தச் சில ஆண்டுகளில் ஒரு சிறுமி எழுதக் கற்றுக்கொண்டதோடு நிற்காமல், தன் மக்களின் வேதனையை அடுக்கி, காரணம் கேட்டு, ஊர் படிக்கும்படி பேசக் கற்றுக்கொண்டார். அதுவரை பெரும்பாலும் மற்றவர்கள்தான் அந்த மக்களைப் பற்றிப் பேசிவந்தார்கள். கல்வி ஒரு மனிதரை உருவாக்குகிறது என்று நாம் மேடைதோறும் சொல்கிறோமே, அது நடந்த இடத்தை எனக்குக் காட்டச் சொன்னால் இந்தக் கட்டுரையைத்தான் காட்டுவேன். நம் வகுப்புகளிலும் அப்படிப் பேச வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதிரித் தேர்வுத் தாளில் அதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருப்பதில்லை.

ஒரு சமூகமே இப்படி மாறியதற்கு டென்மார்க்கை எண்ணிப் பார்க்கிறேன். அங்கே குருண்ட்விக் என்ற பாதிரியார் இருந்தார். கவிஞரும் கூட. பாடத்தை நெட்டுருப் போட வைத்துத் தேர்வு நடத்தும் பள்ளிகளை அவர் கடுமையாக எதிர்த்தார். அவருடைய கருத்தைப் பின்பற்றி 1844-இல் ரோடிங் என்ற ஊரில் முதல் மக்கள் உயர்பள்ளி திறக்கப்பட்டது. பின்னர் நாடெங்கும் அத்தகைய பள்ளிகள் பரவின. விவசாயக் குடும்பத்து இளைஞர்கள் வேலை குறைந்த குளிர்கால மாதங்களில் அங்கேயே தங்கிப் படித்தார்கள். வரலாறு கேட்டார்கள், இலக்கியம் கேட்டார்கள், சேர்ந்து பாடினார்கள், விவாதித்தார்கள். தேர்வு கிடையாது, சான்றிதழ் கிடையாது. 1882-இல் அந்நாட்டின் ஹெடிங் என்ற ஊரில் விவசாயிகள் சேர்ந்து கூட்டுறவுப் பால்பண்ணை தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான ஊர்கள் அதைப் பின்பற்றின. அந்தக் கூட்டுறவுகளில் நிறைய மாடு வைத்திருப்பவருக்கும் ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்குதான். ஆளுக்குத்தான் வாக்கு, மாட்டுக்கு இல்லை. ஒருவரையொருவர் நம்பி இப்படி ஒரு ஏற்பாட்டுக்குள் வர அந்த மக்களைப் பழக்கியதில் மக்கள் உயர்பள்ளிகளுக்குப் பெரும் பங்குண்டு என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பால் கறக்கச் சொல்லிக்கொடுத்ததால் வந்த விளைவு அன்று இது. சேர்ந்து கேட்டதும் பாடியதும் பேசியதும்தான் அவர்களைப் பக்குவப்படுத்தியிருக்கின்றன.

நம் இலக்கிய மன்றத்தில் ஒரு விதி இருக்கிறது. விவாதத்தில் எதிரணி சொன்னதை மறுக்கும் முன், அவர்கள் சொன்னது என்ன என்பதை, ‘ஆமாம், அதைத்தான் சொன்னோம்’ என்று அவர்களே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் பிள்ளைகளுக்கு இது எரிச்சலாக இருக்கும். எதிரணி ‘இல்லை, நாங்கள் அப்படிச் சொல்லவில்லை’ என்று மறுக்கும். மறுபடி முயல வேண்டும். மூன்றாம் முறை சரியாகச் சொல்லும்போது சில பிள்ளைகளின் குரல் தானாக இறங்கிவிடும். எதிரே இருப்பவர் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிகிறது. சண்டை மூளும் வீடுகளிலும் தெருக்களிலும் அலுவலகங்களிலும் நாளைக்கு இந்தப் பிள்ளைகள்தான் நிற்கப்போகிறார்கள். அந்தப் பயிற்சியை வேறு எந்தப் பாடவேளையில் கொடுப்பது?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இலக்கியம் படித்தால் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. நிறையப் படித்தும் கொடுமை செய்தவர்கள் உலகத்தில் இருந்திருக்கிறார்கள். வழிவழியாக வந்த கதைகளிலும் பழமொழிகளிலும் பெண்களை இழிவுபடுத்துபவை உண்டு, உடல் குறையைக் கேலி செய்பவை உண்டு, ஒரு பிரிவினரைக் கீழே தள்ளுபவை உண்டு. இவையும் பிள்ளைகளைச் செதுக்கத்தான் செய்கின்றன, நாம் கவனிக்காத நேரத்தில் இன்னும் ஆழமாக. இவற்றை மறைத்துவைப்பது தீர்வாகாது. பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது பிள்ளை அவற்றைப் படித்து, ‘இது சரியா?’ என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும் பிள்ளையை ‘அதிகப்பிரசங்கி’ என்று அடக்கிவிடாதீர்கள். பழைய கதையை மதித்துக்கொண்டே அதில் உள்ள அநீதியைச் சுட்டிக்காட்ட முடியும் என்று ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால், அந்தப் பண்பாடு அதன் கையில் பத்திரமாக இருக்கும்.

உங்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். பெரிதாக எதுவும் வேண்டாம். இரவில் கால் மணி நேரம் பிள்ளையை உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கேட்கத் தெரிந்தால் போதும். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘எங்களுக்கே எழுத்து வாசனை இல்லை, நாங்கள் என்ன செய்வது’ என்று கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் பெற்றோர் சிலரை எப்போதும் பார்க்கிறேன். உங்கள் நினைவில் இருக்கும் கதைகளும், நீங்கள் செய்யும் தொழிலின் நுணுக்கங்களும், உங்கள் குடும்பம் கடந்துவந்த பாதையும் எந்த நூலகத்திலும் கிடைக்காதவை. அவற்றைப் பிள்ளையிடம் பேசுங்கள். வீட்டில் எந்த மொழி இயல்பாக வருகிறதோ அந்த மொழியிலேயே பேசுங்கள். ஆங்கிலம் கற்பதற்கு அது தடையாகாது. படித்துக் காட்டிய பிறகு ‘என்ன நீதி?’ என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்வி வந்தவுடன் கதை பாடமாகிவிடுகிறது. ‘அவன் ஏன் அப்படிச் செய்தான்? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?’ என்று கேளுங்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் முழுவதும் கேளுங்கள்.

மாதிரித் தேர்வுகளும் நடக்கும். அந்தக் கவலையை நான் தள்ளிவிடவில்லை. பத்தாம் வகுப்புக்குக் காலையில் முதல் மணிக்கு முன்பாக அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். கணக்குக் கேள்விகளை வாய்விட்டுப் படித்து, தங்கள் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொன்ன பிறகே தீர்க்க வேண்டும் என்று கணித ஆசிரியர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். ‘மீதியில் பாதி’ இனி யாரையும் ஏமாற்றாது என்று நம்புகிறோம்.

நூலகப் பாடவேளைக்குப் பெற்றோரும் வரலாம். வாசித்துக் காட்டவோ, உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லவோ, சும்மா உட்கார்ந்து கேட்கவோ வாருங்கள். விருப்பமுள்ளவர்கள் இந்தக் கடிதத்தின் அடியில் உள்ள சீட்டில் பெயரையும் வசதியான நாளையும் எழுதி, பிள்ளையிடம் கொடுத்து வகுப்பாசிரியருக்கு அனுப்புங்கள். என் முடிவில் உடன்பாடு இல்லாதவர்கள் அதையும் அதே சீட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் முதலில் அவற்றைத்தான் எடுத்துப் பேசுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்