ஊரின் பெயர் பிள்ளைக்கு ஆகாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கு ஊர்ப்பெயர் வைப்பது மேலைநாடுகளிலிருந்து அண்மையில் நம் நகரங்களுக்குத் தொற்றிய மோகம் என்றும், தமிழ் மரபில் அதற்கு இடமே இல்லை என்றும் ஒரு வாசகர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். பாரிஸ், சிட்னி, ஆஸ்டின் என்று பெயர் வைக்கும் பெற்றோரை அவர் கடிந்துகொண்டது அவருடைய உரிமை. ஆனால் மரபைப் பற்றி அவர் சொன்னதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஈரோடு மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் முப்பத்தோர் ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். என் தந்தையாரின் பெயர் சென்னிமலை.

அவர் பிறப்பதற்கு முன் என் அப்பத்தாளுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து தங்காமல் போயின. மூன்றாவது முறை கருவுற்றபோது, இந்தப் பிள்ளை தங்கினால் மலையின் பெயரையே வைப்பதாக வேண்டிக்கொண்டார். பிள்ளை பிறந்து முடி இறக்கும்போது 1,320 படிகளையும் அதைச் சுமந்துகொண்டே ஏறினார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். எங்களுடையது சென்னிமலைக்குப் பக்கத்தில் உள்ள நெசவாளர் சிற்றூர். தந்தையார் தறிக்குழியில் அமர்ந்து நெய்த போர்வைகள் சங்கத்துக்குப் போய், ஊர்ப்பெயர் அச்சிட்ட சீட்டு ஒட்டப்பெற்று வெளியூர்களுக்குக் கட்டுக்கட்டாகப் போகும். எழுத்துக்கூட்டிப் படிக்க நான் கற்றுக்கொண்டிருந்த நாளில் அப்படி ஒரு சீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நான் படித்து முடித்ததும், "உங்கப்பன் பேரு எந்தெந்த ஊருக்கெல்லாம் போகுது பாரு, கண்ணு" என்றார். அவர் முகத்தில் அன்று இருந்த நிறைவை நான் இன்றுவரை மறக்கவில்லை.

கணவர் பெயரைச் சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாட்டில் வளர்ந்தவர் என் தாயார். அதனால் அவருக்கு அந்த ஊரின் பெயரையும் சொல்ல வாய் வராது. காங்கேயம் செல்லும் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் நடத்துநர் எந்த ஊர் என்று கேட்டால், "நம்ம மலைக்குங்க" என்பார். "எந்த மலைங்க, சென்னிமலையா, சிவன்மலையா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். "நீங்க முதல்ல சொன்னதுங்க" என்று தாயார் தலையைக் குனிந்துகொண்டே சில்லறையை நீட்டுவார். ஊரும் ஆளும் ஒரே சொல்லுக்குள் எவ்வளவு நெருக்கமாகக் குடியிருந்தார்கள் என்பதை எனக்குக் காட்டிக் கொடுத்தது எந்த இலக்கணமும் அன்று, அந்தப் பேருந்துப் பயணங்கள்தாம்.

இலக்கணத்திலும் இதற்கு இடம் உண்டு. மக்களைக் குறிக்கும் பெயர்களை வகைப்படுத்த வந்த தொல்காப்பியப் பெயரியல் நூற்பா ஒன்று, நிலப்பெயர், குடிப்பெயர் என்று நிலத்தை முன்வைத்தே தொடங்குகிறது. அது ஒருவரை அவருடைய நிலத்தால் சுட்டுவதைத்தான் சொல்கிறது, தொட்டிலில் இடும் பெயரைச் சொல்லவில்லை என்று வாதிடலாம். அந்த வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் நிலத்தின் பெயரால் மனிதரை அழைப்பது இம்மொழிக்கு அயலானது என்று சொல்ல அதற்குப் பிறகு வழி இல்லை. இடவாகுபெயர் நடத்தும் நாளில் நான் "சிதம்பரம் வந்துவிட்டது", "சிதம்பரம் வந்துவிட்டான்" என்று இரண்டு தொடர்களைக் கரும்பலகையில் எழுதுவேன். பேருந்தில் போனவர்களுக்கு முதல் தொடரும், பக்கத்து வீட்டில் சிதம்பரம் என்று ஒருவர் இருந்தவர்களுக்கு இரண்டாம் தொடரும் உடனே விளங்கிவிடும்.

சிதம்பரம், பழனி போன்றவையெல்லாம் இறைவன் பெயர்களே தவிர ஊர்ப்பெயர்கள் அல்ல என்ற மறுப்பு எழக்கூடும். சற்று நின்று பார்த்தால் அது பொருந்தாது என்பது தெரியும். சிதம்பரத்தில் ஆடுபவர் நடராசர்; சிதம்பரம் என்பது அவர் ஆடும் தலம். பழனியில் நிற்பவர் தண்டாயுதபாணி; பழனி அவர் நிற்கும் மலை. வேளாங்கண்ணி என்ற பெயரோடு நம்மிடையே வாழும் பெண்கள் எத்தனையோ பேர். அங்கே வணங்கப்படுபவர் ஆரோக்கிய மாதா. சாமி பெயரை வைக்க விரும்பியிருந்தால் வைத்திருப்பார்கள். அதை விடுத்து, தாங்கள் நடந்து போய்ச் சேர்ந்த மண்ணின் பெயரைத் தேர்ந்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

என் வகுப்பு வருகைப் பதிவேடுகளில் பழனிசாமியும் பழனியம்மாளும் இல்லாத ஆண்டே இல்லை. மருதமலைக்கு நேர்ந்துகொண்ட வீட்டில் மருதாசலம், திருச்செங்கோட்டை நினைத்தவர்கள் வீட்டில் செங்கோடன், மேற்கே கோவைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த குடும்பத்தில் வெள்ளியங்கிரி, ஆற்றங்கரைக் குடும்பங்களில் பவானி, அமராவதி, காவேரி. பெயரைக் கேட்ட மாத்திரத்தில், இவர்கள் எந்த மலையடிவாரத்துக்காரர்கள், எந்த ஆற்றில் ஆடிப்பெருக்குக்கு இறங்குபவர்கள் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். கல்வித்துறைப் பயிற்சிகளுக்காகப் பிற மாவட்ட ஆசிரியர்களோடு கூடிய நாட்களில், திருவண்ணாமலைப் பக்கத்து அண்ணாமலைகளையும் அருணாசலங்களையும், திருத்தணிப் பக்கத்துத் தணிகாசலங்களையும், மதுரைப் பக்கத்துச் சோலைமலைகளையும், தென்காசிப் பக்கத்துக் குற்றாலங்களையும், கழுகுமலைப் பக்கத்துக் கழுகாசலங்களையும் சந்தித்திருக்கிறேன். தமிழ்நாட்டின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆட்பெயர்களால் அதை நிரப்பிவிடலாம் என்று அப்போது தோன்றும். கடலுக்கு அப்பால் ஈழத்தில் கதிர்காமநாதனும் கோணேசலிங்கமும் இதே வழக்கத்தின் பிள்ளைகள்தாம்.

ஊருக்குள் இருப்பவர்தான் ஊரின் பெயரைத் தாங்க வேண்டும் என்பதும் இல்லை. வ.உ.சிதம்பரனார் 1872இல் பிறந்தது தில்லைக்கு வெகுதொலைவில் தெற்கே உள்ள ஒட்டப்பிடாரத்தில். அந்தச் சிதம்பரத்தின் பெயரைத்தான் இன்று தூத்துக்குடித் துறைமுகம் தாங்கி நிற்கிறது. திரு.வி.க. என்னும் சுருக்கப்பெயரைப் பிரித்துப் பாருங்கள். திருவாரூர் அவர் முன்னோர் ஊர். விருத்தாசலம் அவர் தந்தையின் பெயர், அதுவும் ஓர் ஊர். துள்ளம் என்னும் சிற்றூரில் 1883இல் பிறந்த கல்யாணசுந்தரனார், இரண்டு ஊர்களைத் தம் பெயருக்கு முன்னால் வாழ்நாள் முழுவதும் சுமந்தார்.

இவர்களுள் என் மனத்தை மிகவும் தொடுவது மறைமலையடிகளின் பெயர். நாகப்பட்டினத்தில் 1876இல் பிறந்த அவருக்கு, திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால் பெற்றோர் வேதாசலம் என்று பெயரிட்டார்கள். வேதாசலம் என்பது அந்தக் குன்றின் வடமொழிப் பெயர். பின்னாளில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய அடிகள், வேதத்தை மறை என்றும் அசலத்தை மலை என்றும் ஆக்கித் தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்டார். விரும்பியிருந்தால் பழந்தமிழ்ப் பெயர் எதையும் அவர் தேர்ந்திருக்கலாம். மொழியை மாற்றியவர் மலையை விடவில்லை. இன்று செங்கற்பட்டு மாவட்டத்தில், ரயில் நிலையமும் தொழிற்சாலைகளுமாக, அவர் பெயரால் மறைமலை நகர் இருக்கிறது. ஒரு குன்றின் பெயர் ஒரு குழந்தைக்குப் போய், மொழி மாறி, மறுபடியும் ஓர் ஊருக்கே திரும்பியிருக்கிறது.

இது எந்த ஒரு சமயத்துக்கும் உரிய வழக்கமும் அன்று. நாகூர் மீரானும் நாகூர் கனியும், மதீனா என்னும் பெண்பெயரும் நாம் நாள்தோறும் கேட்பவை. பிரான்சு நாட்டில் லூர்து என்னும் சிற்றூரில் 1858இல் மாதா காட்சி தந்தார் என்ற நம்பிக்கை பரவியபின், லூர்துசாமியும் லூர்துமேரியும் நம் ஊர்க் குழந்தைகள் ஆனார்கள். முத்துக்குளித்துறையில் 1542இல் வந்து இறங்கிய பிரான்சிஸ் சவேரியாரின் கதை இன்னும் சுவையானது. சேவியர் என்பது அவருக்கு இட்ட பெயரே அன்று. அவர் 1506இல் பிறந்த கோட்டையின் பெயர் அது. எசுப்பானியத்தின் நவார்ப் பகுதியில் இருக்கிறது. பாசுக்கு மொழியில் அதற்குப் புதுவீடு என்று பொருள். எங்கோ ஒரு மலைநாட்டுப் புதுவீட்டின் பெயரைத்தான் தூத்துக்குடியிலும் குமரியிலும் ஆயிரக்கணக்கான சவேரியார்களும் சேவியர்களும் சவரிமுத்துக்களும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வருகிறார்கள். அவர்களுள் யாரையாவது அந்நிய மோகம் பிடித்தவர் என்று நாம் சொல்வோமா?

ஆகையால் வெளிநாட்டு ஊரின் பெயரை வைப்பதே தவறு என்று நான் கருதவில்லை. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1820இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிறந்ததால் பெற்றோர் அந்த நகரின் பெயரையே அவருக்கு வைத்தார்கள். நேப்பிள்சில் பிறந்த அவருடைய தமக்கைக்கு அந்நகரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப்பி என்பது பெயராயிற்று. அந்தப் பெற்றோருக்கு அந்த ஊர்களில் ஒரு வாழ்வு இருந்தது. அயலூரில் உழைத்து, அங்கே ஒரு பிள்ளையைப் பெற்றெடுத்த நம் தம்பதியர் அந்த ஊரின் பெயரை வைத்தால் அதற்கும் அதே நியாயம் உண்டு. கால் வைக்காத, யாரையும் அறியாத, கேட்க இனிமையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எடுத்த பெயரைத்தான் நான் ஏற்கத் தயங்குகிறேன். அந்தப் பிள்ளை வளர்ந்து, இந்தப் பெயர் எனக்கு ஏன் என்று கேட்கும் நாளில் வீட்டில் சொல்வதற்கு ஒரு கதை இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு என் மகனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தன்னை வளர்த்த தாத்தாவின், அதாவது என் தந்தையாரின், பெயரையே பிள்ளைக்கு வைப்பதென்று மகன் முன்பே முடிவு செய்திருந்தான். மருமகளும் மகிழ்ச்சியோடு இசைந்தாள். மருத்துவமனையில் பிறப்பு விவரம் எழுதும் இடத்தில் நான்தான் படிவத்தைக் கொடுத்தேன். கணினி முன் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஊர் பேரை மேல எழுதிட்டீங்க, குழந்தை பேரு என்னங்க?" என்று கேட்டார். அதுதான் பெயர் என்றேன். "ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்களேம்மா, வேற ஏதாவது நல்ல பேரா யோசிச்சுட்டு வாங்க" என்றார். அவர் பேச்சில் அக்கறை இருந்ததே தவிர ஏளனம் இல்லை. அதுவே எனக்கு அதிக வருத்தத்தைத் தந்தது. அந்தப் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டு வந்தேன். சான்றிதழ் வந்தபோது குழந்தையின் பெயருக்கு உரிய இடம் வெறுமையாக இருந்தது. பெற்றோர் முகவரியில், நாங்கள் எழுதாத சென்னிமலை புதிதாகச் சேர்ந்திருந்தது.

இதைச் சரிசெய்வது கடினமாக இல்லை. பிறப்பு இறப்புப் பதிவு விதிகளின்படி, பெயர் இல்லாமல் பதிந்த பிறப்புக்கு ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். ஆனால் 2023 அக்டோபர் முதல் தேதியன்றும் அதற்குப் பின்னும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்றாகிவிட்டது. பெற்றோர் எழுதிக் கொடுத்த பெயர் பெயராகுமா ஆகாதா என்று படிவத்தை நிரப்புபவர் தீர்மானிக்கக்கூடாது என்பதையும், எழுதிய எழுத்தை எழுதிய இடத்திலேயே பதிய வேண்டும் என்பதையும் அப்பணியில் இருப்பவர்களுக்குத் துறையினர் தெளிவாக அறிவுறுத்த வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்த மருத்துவமனைப் பெண்ணை நான் குறைகூறவில்லை. அண்ணாமலையும் குற்றாலமும் அமர்ந்திருந்த வகுப்பறையை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரந்தோறும் தாங்கள் வெளியிடும் குழந்தைப் பெயர்ப் பட்டியலில் சில வாரங்களுக்கு ஒவ்வொரு மாவட்டமாக எடுத்து, அந்த மண்ணின் மலை, ஆறு, தலம் சார்ந்து வழங்கிவரும் ஆட்பெயர்களை வெளியிடலாம். பெண் குழந்தைகளுக்கும் போதிய இடம் தர வேண்டும். ஆண்களுக்கு மலையின் பெயரை முழுமையாகக் கொடுத்துவிட்டு, பெண்களுக்கு அதன் வாலில் ஓர் அம்மாளைச் சேர்த்ததோடு நம் முன்னோர் நின்றுவிட்டார்கள். தில்லை, வஞ்சி, மல்லை, பொருநை, பொதிகை, பொன்னி என்று ஊர், ஆறு, மலைகளின் பழம்பெயர்களால் அழைத்துப் பார்த்தால், இரண்டெழுத்திலும் மூன்றெழுத்திலும் பெயர் தேடும் இன்றைய இளம்பெற்றோருக்கு இவை எவ்வளவு பொருத்தமானவை என்பது புரியும்.

பெயரைச் சேர்த்த புதிய சான்றிதழ் சென்ற மாதம் கைக்கு வந்தது. எண்பத்து நான்கு வயதான என் தாயாரிடம் அதைக் காட்டினேன். அவர் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தாரே தவிர வாய்விட்டுப் படிக்கவில்லை. கொள்ளுப்பேரனைப் பெயர் சொல்லி அழைக்க இன்றும் அவருக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கத்தில் தீர்த்தகிரி என்னும் வீரர், மைசூருக்குச் சென்ற வரிப்பணத்தைப் பறித்துவிட்டு, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை எடுத்துக்கொண்டதாகப் போய்ச் சொல் என்று கூறினார் என்றும், அன்று முதல் அவர் தீரன் சின்னமலை ஆனார் என்றும் கதை சொல்வார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த என் தாயார், கணவர் பெயரையும் சொல்லாமல், பிள்ளையின் பெயரையும் விட்டுவிடாமல், தொட்டிலை ஆட்டிக்கொண்டே "சின்னமலை, சின்னமலை" என்றுதான் அவனை அழைக்கிறார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ஈரோடு மாவட்டம்.