தொடாமல் வளர்க்க வேண்டிய பாம்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரச் சிறுவர் பக்கத்தில், மரகத மரப்போவா என்னும் பச்சைப் பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு பையன் சிரிக்கும் படத்தை வெளியிட்டிருந்தீர்கள். போதாக்குறைக்கு ‘சாதுவான பச்சை நண்பன்’ என்று தலைப்பும். என் மகன் வளர்ப்பதும் இதே இனத்தைத்தான். அவன் வேலைக்குப் போனபின் பார்த்துக்கொள்வது நான்.

விஷமில்லை என்று எழுதியிருந்தீர்கள், உண்மைதான். பல்லைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! கொட்டாவி விடும்போது பார்த்திருக்கிறேன். முன்பற்கள் ஊசிபோல நீண்டு உள்நோக்கி வளைந்திருக்கும். பகல் முழுதும் கிளையில் சுருண்டு, நடுவில் தலையை வைத்து அசையாமல் கிடப்பதைச் சாது என்று நினைத்துவிட்டார்கள். இருட்டினால் தலையைக் கீழே தொங்கவிட்டுக் காத்திருக்கும். உதட்டுச் செதில்களுக்கு இடையேயுள்ள குழிகளால் எலியின் உடற்சூட்டை உணர்ந்து பாயும். அதன் எதிரில் முகத்தைக் கொண்டுபோவது என்ன விளையாட்டு?

அதைவிடப் பெரிய ஆபத்து பாம்புக்குத்தான். தின்றதைச் செரிக்க அதற்கு நாள் பிடிக்கும். மலம் கழிக்கவே சில சமயம் மாதக்கணக்காகும். பாவம் பசிக்குமே என்று அடிக்கடி எலி கொடுத்தாலோ, தின்ற கையோடு தூக்கிக் கொஞ்சினாலோ இரையைக் கக்கிவிடும். கக்கத் தொடங்கிய பாம்பைத் தேற்றுவது பெரும்பாடு. நம் ரொறன்ரோக் குளிர்காலத்தில் ஹீட்டர் வீட்டுக் காற்றை வறட்டிவிடுவதால் தோலும் சரியாக உரியாது. நான் மாலையில் தண்ணீர் தெளிப்பேன். தன் உடல் மடிப்புகளில் தேங்கும் துளிகளை அதுவே குடித்துக்கொள்ளும். எங்களுக்குள் உள்ள உறவு அவ்வளவுதான்.

சிவப்புக் குட்டியை வேறு இனம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தப் போவா முட்டையிடாது, குட்டி போடும். குட்டிகள் பெரும்பாலும் சிவப்பாகவோ செம்மஞ்சளாகவோ பிறந்து, ஏறக்குறைய ஓராண்டில் பச்சையாகும். முட்டையிடுவது நியூகினியின் பச்சை மரமலைப்பாம்பு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலிருப்பதால் கடைக்காரர்களே குழம்புகிறார்கள்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள், கயானாவிலும் சுரினாமிலும் காட்டில் பிடித்து அனுப்பப்படுவதை வாங்கவேண்டாம். உடல் நொந்து, ஒட்டுண்ணிகளோடு வந்து சேரும். கூண்டிலேயே பிறந்ததா என்று கேட்டு வாங்கட்டும்.

படம் வந்தபிறகு எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகள் பிறந்தநாளுக்கு இதையே கேட்டு அடம்பிடிக்கிறார்கள். அடுத்த சிறுவர் பக்கத்தில், அதே அளவில், ஒரு திருத்தம் போடுங்கள்.

ஒரு வாசகி,
ஸ்காபரோ