பதினோரு வினாடி

கணபதி, கோவை
ஞாயிறு

அன்புள்ள முருகேசா,

தீபாவளிக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதானால் திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். உன் மகள் கணக்கில் நூறு வாங்கினாளாமே! அந்த விஷயத்தில் அப்பனைக் கொள்ளாமல் பிறந்தாளே, அதற்கே ஈச்சனாரியில் ஒரு தேங்காய் உடைக்கலாம்.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. எங்கள் பம்ப் அசெம்பிளியில் ஆறு மேஜை என்று உனக்குத் தெரியும். நான்காவது மேஜையில் நிற்கிற அக்கா, ஒவ்வொரு பம்புக்கும் பின்னால் திரும்பி நான்கு போல்ட்டை எடுத்து, வாஷர் கோத்து, மூடியில் முடுக்குவார். "முன்னாலேயே சரிவாக ஒரு தட்டு இருந்தால் போல்ட் தானாகக் கைக்கு வருமே" என்றார். பழைய எண்ணெய் டின்னை வெட்டி, கையைக் கிழிக்காதபடி விளிம்பை மடக்கித் தட்டுச் செய்தோம். ஒரு பம்புக்குப் பதினோரு வினாடி மிச்சம். அதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆட்கள் சொல்லும் மேம்பாட்டு யோசனைகளை ஒட்டுகிற கைசன் பலகையில் படம், அக்காவுக்கு டிபன் கேரியர் பரிசு, கைதட்டல்.

அடுத்த மாதம் ஆறு மேஜை ஐந்தானது. ஆறாவது மேஜைப் பெண் கான்ட்ராக்ட் ஆள். ஒன்றாம் தேதியிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்கள். இப்போது திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறாள்.

"நான் அந்தத் தட்டைக் கேட்காமல் இருந்திருந்தால் அவள் இங்கேயே இருந்திருப்பாள், இல்லையா தம்பி?" என்றார் அக்கா. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, முருகேசா. அந்த டின்னை வெட்டியது நான்.

நான்கு மாதமாக ஒரு யோசனைகூட வரவில்லை. நிர்வாகம் ஊக்கமூட்டும் வகுப்பு வைக்கிறது. வகுப்பா இங்கே குறை? எனக்கு எரிகிறது.

இதையே சரியாகச் செய்த இடமும் உண்டு. கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊர். ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் மூடிய கார் தொழிற்சாலையை 1984-ல் டொயோட்டாவோடு சேர்ந்து திறந்தது. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களேதான். வேலைக்கு ஒழுங்காக வராதவர்கள், சண்டைக்காரர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். கோளாறு கண்டால் கயிற்றை இழுத்து வரிசையையே நிறுத்தும் உரிமையை அவர்களிடம் கொடுத்தார்கள். எளிதில் ஆள்குறைப்புச் செய்வதில்லை என்று யூனியனுக்கு எழுத்தில் வாக்கும் கொடுத்தார்கள். 1988-ல் விற்பனை சரிந்தபோது யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை; பயிற்சியிலும் மேம்பாட்டு வேலையிலும் உட்காரவைத்தார்கள். நம் ஆட்கள் அங்கிருந்து பலகையையும் படத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த வாக்கை விட்டுவிட்டார்கள்.

5-ஆம் தேதி கூட்டத்தில் இதைச் சொல்லத்தான் போகிறேன். மேம்பாட்டால் மிச்சமாகும் ஆளை வேறு மேஜைக்கு மாற்றலாம், வெளியே அனுப்பக்கூடாது. கான்ட்ராக்ட் ஆளுக்கும் இதுவே. எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

லேபர் ஆபீசர் முன்னிலையில் உங்கள் யூனியனும் நிர்வாகமும் போட்ட 12(3) ஒப்பந்தத்தில் இப்படி ஒரு ஷரத்து இருப்பதாக முன்பு சொன்னாயே, அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து உடனே அனுப்பு. வெறுங்கையோடு போய் நிற்க மனமில்லை.

அன்புடன்,
செல்வராஜ்